பெங்களூரு மொட்டைமாடியில் வண்ணமீன் வளர்ப்பு: தொட்டி வைப்பதிலிருந்து குஞ்சு எடுப்பது வரை

பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. திறந்தவெளியில் மீன் வளர்க்க நினைப்பவர் முதலில் மனத்தில் வைக்க வேண்டிய எண் இதுதான். ஏப்ரல் மாத மதியத்தில் 34 டிகிரி வரை ஏறும் வெப்பம், ஜனவரி விடியற்காலையில் 15 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. ஒரே நாளுக்குள்ளேயே பகலுக்கும் இரவுக்கும் 12 டிகிரி வரை வேறுபாடு இருப்பது இங்கே சாதாரணம். சென்னை கொளத்தூரில் மீன் வளர்க்கும் உறவினரிடமோ நண்பரிடமோ கேட்டுத் தொடங்குகிற நம்மவர்கள் பலர், அங்கே சரியாக வந்த முறை இங்கே ஏன் பொய்த்துப்போகிறது என்று குழம்புவதற்குக் காரணம் இந்த இரவுக் குளிர்தான். அங்கே வெயிலைச் சமாளித்தால் போதும். இங்கே வெயிலோடு குளிரையும், அவை மாறிமாறி வரும் வேகத்தையும் சமாளிக்க வேண்டும். லிங்கராஜபுரத்தில் வாடகை வீட்டு மாடியில் ஐந்து தொட்டிகளை வைத்துப் பராமரித்து வரும் அனுபவத்தில் நான் உறுதியாகச் சொல்வது, அந்த வேகத்தைக் குறைக்க நிறையத் தண்ணீரும் குறைந்த மீன்களும் போல வேறெதுவும் உதவுவதில்லை என்பதே. கீழே சொல்லியிருக்கும் ஒவ்வொரு படியும் அதையொட்டித்தான் வருகிறது.

இடமும் எடையும்

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை. 200 லிட்டர் தொட்டி ஒன்று, மண்ணும் செடியும் சேர்த்தால் 220 கிலோவைத் தாண்டிவிடும். ஆகவே தொட்டியை மாடித் தளத்தின் நடுவில் வைக்காமல், கீழே சுவரோ உத்தரமோ ஓடும் ஓரமாகப் பார்த்து வைக்க வேண்டும். பழைய கட்டடம் என்றால், வீட்டைக் கட்டிய மேஸ்திரியையோ ஒரு பொறியாளரையோ அழைத்துக் காட்டிவிடுவது நல்லது. வீட்டு உரிமையாளரிடம் முன்கூட்டியே சொல்லி அனுமதி பெற்றுவிடுங்கள். தொட்டியின் அடியில் செங்கல் அடுக்கி அதன்மேல் பலகை போட்டால் தளத்தில் ஈரம் தேங்காது. கசிவு ஏற்பட்டாலும் உடனே கண்ணில் படும்.

காலை வெயில் நான்கைந்து மணி நேரம் விழுந்து, பிற்பகலில் நிழலாகிவிடும் கிழக்குப் பக்கமே சிறந்தது. நாள் முழுவதும் வெயில் விழும் மாடியாக இருந்தால், செடி வளர்ப்பவர்கள் பயன்படுத்தும் 50 சதவீதப் பச்சை நிழல்வலையைத் தொட்டிக்கு மேல் நான்கடி உயரத்தில் கட்டுங்கள். தொட்டியின் வாயிலேயே ஒட்டிக் கட்டினால் காற்றோட்டம் தடைபட்டு வெப்பம் உள்ளேயே தங்கிவிடும்.

எந்தத் தொட்டி?

கருப்பு நிறப் பிளாஸ்டிக் டப்கள் எளிதில் கிடைக்கின்றன. வெயிலில் விரைவாகச் சூடேறி இரவில் விரைவாக ஆறிவிடுவதே அவற்றின் குறை. 100 லிட்டருக்குக் குறைந்த டப்பை மாடியில் மீனுக்காக வைக்க வேண்டாம். தண்ணீரின் ஆழமும் ஓரடிக்குக் குறையக் கூடாது.

சிமெண்ட் தொட்டி நீடித்து உழைக்கும். ஆனால் புதுச் சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கரைந்து தண்ணீரின் காரத்தன்மையை மிக உயர்த்திவிடுவதால், அப்படியே மீன் விட்டால் ஒன்றும் பிழைக்காது. தண்ணீர் நிரப்பி, அதில் வாழைத்தண்டைத் துண்டுதுண்டாக வெட்டிப் போட்டு, வாரம் ஒருமுறை முழுவதும் கொட்டிவிட்டு மறுபடி நிரப்பி, மூன்று வாரம் ஊறவிடுவது தமிழ்நாட்டு மீன் வளர்ப்பாளர்களின் பழைய வழக்கம். அதன் பிறகு காரத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவைச் சோதித்து, 8.5க்குக் கீழே நிற்கிறது என்று உறுதி செய்துகொண்டே அடுத்த வேலைக்குப் போக வேண்டும்.

என் தேர்வு பழைய ஃப்ரிட்ஜ் பெட்டி. கதவைக் கழற்றி மல்லாக்கப் படுக்க வைத்தால் நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் பிடிக்கும். சுவருக்குள் இருக்கும் காப்புப் பஞ்சு, பகல் சூட்டையும் இரவுக் குளிரையும் தண்ணீருக்கு மெதுவாகவே கடத்துகிறது. இந்த ஊருக்கு இதைவிடப் பொருத்தமான தொட்டியை நான் பார்த்ததில்லை. பழைய பொருள் கடையில் வாங்கும்போது, கேஸையும் கம்ப்ரஸரையும் ஏற்கெனவே முறையாக அகற்றியிருக்கிறார்களா என்று பார்த்து வாங்குங்கள். உள்ளே இருக்கும் சிறு துளைகளைப் பூஞ்சைக்கொல்லி கலக்காத சிலிகான் பசையால் அடைத்து, இரண்டு நாள் காயவிட்டு, பிறகு தண்ணீர் நிரப்பிக் கசிவு பாருங்கள்.

எந்தத் தொட்டியானாலும், விளிம்புக்குக் கீழே ஐந்து சென்டிமீட்டரில் ஒரு துளை போட்டு, சிறு குழாய் பொருத்தி, அதன் வாயில் நைலான் வலை கட்டிவிட வேண்டும். 100 மில்லிமீட்டர் மழை ஒரே இரவில் பெய்தால் தொட்டியின் நீர்மட்டம் 10 சென்டிமீட்டர் உயரும். வழிந்தோடும் துளை இல்லாத தொட்டியில் தண்ணீரோடு மீன்களும் மாடித் தரைக்கு வந்துவிடும். செப்டம்பர், அக்டோபர் மழையில் இது நிச்சயம் நடக்கும்.

தண்ணீர்

பெங்களூருவில் நமக்குக் கிடைப்பது மூன்று வகைத் தண்ணீர். நூறு கிலோமீட்டர் அளவு தொலைவிலிருந்து ஏற்றிக்கொண்டு வரப்படும் காவிரித் தண்ணீரில் குளோரின் இருக்கும். அதை அகன்ற வாளிகளில் திறந்து வெயிலில் ஒன்றிரண்டு நாள் வைத்தால் குளோரின் போய்விடும். அவசரமென்றால் மீன் கடைகளில் விற்கும் குளோரின் நீக்கி மருந்தை அளவு பார்த்துச் சேர்க்கலாம். போர்வெல் தண்ணீரில் குளோரின் இல்லை, ஆனால் உப்புகள் கூடுதல். கப்பி, மோலி, பிளாட்டி போன்ற மீன்களுக்கு அந்தக் கடினத்தன்மை நல்லதே. என்றாலும் நிலத்தடியிலிருந்து வரும் தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைந்தும் கரியமில வாயு மிகுந்தும் இருக்கும் என்பதால், அதையும் ஓர் இரவு காற்றோட்டமாக வைத்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

மூன்றாவது லாரித் தண்ணீர். அது எங்கிருந்து வருகிறது, அதில் என்ன கலந்திருக்கிறார்கள் என்பது ஒவ்வொரு முறையும் மாறும். 2024 மார்ச்சில் நகரம் முழுவதும் போர்வெல்கள் வற்றிய நாட்களில், சம்ப்பில் அன்று காலை இறங்கிய லாரித் தண்ணீரை அப்படியே ஒரு தொட்டியில் ஊற்றிவிட்டேன். ஒரு மணி நேரத்துக்குள் நாற்பது கப்பிகள் மேலே வந்து வாய் திறந்து துடித்து இறந்தன. எட்டு மாதமாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த வரிசை அது. இன்றும் அந்தத் தொட்டியைக் கடக்கும்போது நினைவு வருகிறது. அன்றிலிருந்து எந்தத் தண்ணீரையும் இரண்டு நாள் வைத்து, அதில் இரண்டொரு மீன்களை மட்டும் விட்டுப் பார்த்த பிறகே தொட்டிக்குச் சேர்க்கிறேன்.

தொட்டியைப் பழக்குவது

பெரும்பாலோர் பொறுமை இழப்பது இந்தப் படியில்தான். மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. ஒருவகை பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன; முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு, நைட்ரேட்டோ அளவாக இருக்கும்வரை செடிகளுக்கு உரம். இந்த பாக்டீரியாக்கள் தொட்டிச் சுவரிலும் கல்லிலும் செடியிலும் படிந்து பெருகுவதற்கு மூன்று முதல் ஆறு வாரம் பிடிக்கும். குளிர்காலத்தில் இன்னும் கூடுதலாகும். தண்ணீரும் செடியும் போட்டு, தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி தூவி, முடிந்தால் பழகிய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடமிருந்து ஒரு கைப்பிடி அடிக்கசடோ பழைய ஸ்பாஞ்ச் ஃபில்டரோ வாங்கிப் போட்டுக் காத்திருங்கள்.

அம்மோனியாவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். தண்ணீரில் அது இரண்டு வடிவங்களில் இருக்கிறது. அவற்றில் ஒன்றுதான் மீனைக் கொல்வது. 25 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7ஆக இருந்தால், கொல்லும் வடிவம் மொத்தத்தில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. பி.எச். 9ஆக உயர்ந்தால் அதுவே மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிவிடுகிறது. வெயிலில் இருக்கும் பச்சைத் தண்ணீரில், பாசி கரியமில வாயுவை உறிஞ்சிக்கொள்வதால் பிற்பகலில் பி.எச். தானாகவே 9ஐ நெருங்கக்கூடும். காலையில் நன்றாக நீந்திய மீன் மாலையில் காரணம் தெரியாமல் சாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். எனவே பி.எச்., அம்மோனியா இரண்டையும் மதியம் மூன்று மணியளவில் சோதிப்பதே பயனுள்ளது.

மீன் இல்லாமல் காத்திருக்கும் வாரங்களில் தொட்டி கொசுக்களுக்கு விருந்தாகிவிடக் கூடாது. முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாவதற்கு வெப்பமான நாட்களில் ஏழு முதல் பத்து நாட்களே போதும். 2024இல் கர்நாடக அரசு டெங்குவைக் கொள்ளைநோயாக அறிவித்த ஊரில் வாழ்கிறோம். நம் தொட்டியால் அக்கம்பக்கத்துக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது என்ற நிலை வரவே கூடாது. கொசுவலைத் துணியை இறுக்கமாகக் கட்டி மூடிவிடுங்கள்.

செடிகள்

கொடிப்பாசி, கப்பி கிராஸ் போன்ற மூழ்கிய செடிகளும், மேலே மிதக்கும் ஆகாயத்தாமரையும் இருந்தால் ஆரம்பத்துக்குப் போதும். மிதக்கும் செடி நீர்ப்பரப்பில் பாதிக்கு மேல் மூட விடாதீர்கள். பகலில் ஆக்ஸிஜன் தரும் செடியே இரவில் அதை உட்கொள்கிறது. கடல்மட்டத்தில் 25 டிகிரி தண்ணீர் ஒரு லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் அளவு ஆக்ஸிஜனைப் பிடித்து வைக்கும். காற்றழுத்தம் குறைந்த நம் ஊரில் அது பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. செடியும் மீனும் நெருக்கியடித்த தொட்டியில் விடியற்காலை ஐந்து மணிக்கு மீன்கள் மேல்மட்டத்தில் வாயை நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டால், உடனே ஒரு ஏர் பம்ப் வைத்து, மீன் எண்ணிக்கையையும் குறைக்க வேண்டும்.

எந்த மீன்?

இந்த ஊர் மாடிக்கு நான் முதலில் சொல்வது பிளாட்டியும் வாள்வால் மீனும். குளிரைக் கப்பியைவிட நன்றாகத் தாங்குபவை அவை. அடுத்தது கப்பி. வரிக்குதிரை மீன் எனப்படும் ஸீப்ரா டானியோ நம் நாட்டு ஓடைகளைச் சேர்ந்தது. குளிர், வெயில் இரண்டுக்கும் பழகியது. கூட்டமாகவே வாழும் என்பதால் ஆறேழாகச் சேர்த்து வாங்க வேண்டும். ரோஸி பார்ப் மீனும் அப்படியே. சீனத்து மலையோடைகளிலிருந்து வந்த ஒயிட் கிளவுட் மீனுக்கு நம் ஜனவரி மிகவும் பிடிக்கும், ஏப்ரல்தான் கடினம்.

தங்கமீனைப் பலரும் கேட்கிறார்கள். குளிர் அதற்குப் பிரச்சினையே இல்லை. ஆனால் அது மிகுதியாகத் தின்று மிகுதியாகக் கழிவு விடும், கையளவு வளரும். 200 லிட்டருக்குக் குறைந்த தொட்டியில் அதை அடைப்பது கொடுமை. டிஸ்கஸ், ராம் போன்ற வெப்பம் விரும்பும் மீன்களை இங்கே வெளியில் வைக்கவே கூடாது. ஃபைட்டர் மீனை மார்ச் முதல் அக்டோபர் வரை வெளியில் வைத்து, நவம்பரில் வீட்டுக்குள் எடுத்துவிடலாம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மிஸ் கேரளா மீனின் அழகில் மயங்கி வாங்காதீர்கள். ஓடும் தண்ணீரில் வாழும் அந்த இனம் இயற்கையில் அழிவின் விளிம்பில் இருக்கிறது, தேங்கிய தொட்டி அதற்கு ஏற்றதும் ஆகாது.

சிவாஜிநகர் ரஸல் மார்க்கெட் பக்கத்தில் மீன் கடைகள் இருக்கின்றன. வாங்குவதற்கு ஏற்ற மாதம் பிப்ரவரி. குளிர் விலகி, கடும் வெயில் வருவதற்குள் மீன் புது இடத்துக்குப் பழகிவிடும். துடுப்பை மடித்துக்கொண்டு ஒரு மூலையில் நிற்கும் மீன், வயிறு ஒட்டிய மீன், உடலைக் கல்லில் உரசும் மீன் ஆகியவை இருக்கும் தொட்டியிலிருந்து நல்ல மீனைக்கூட வாங்க வேண்டாம். 100 லிட்டருக்கு ஐந்து ஆண், பத்துப் பெண் எனப் பதினைந்து கப்பிகளோடு தொடங்குங்கள். அவை தாமாகவே பெருகும்.

வீட்டுக்கு வந்ததும் பையைத் தொட்டி நீரில் இருபது நிமிடம் மிதக்கவிட்டு, பிறகு பையைத் திறந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர் தொட்டித் தண்ணீரை அதற்குள் ஊற்றி, நான்கைந்து முறைக்குப் பிறகு மீனை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள். கடைத் தண்ணீர் தொட்டிக்குள் போகக் கூடாது. ஏற்கெனவே மீன் இருக்கும் தொட்டியானால், புது மீனை இரண்டு மூன்று வாரம் தனி டப்பில் வைத்துப் பார்த்த பிறகே சேர்க்க வேண்டும்.

தீனி

இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுதான் ஒரு வேளைக்கு. வெயில் ஏறித் தண்ணீர் சற்று வெதுவெதுப்பான பிறகு, ஒன்பது மணியளவில் முதல் வேளையும், மாலை நான்கு மணிக்குள் இரண்டாவது வேளையும் போதுமானவை. தண்ணீர் 18 டிகிரிக்குக் கீழே இருந்தால் அந்த வேளையை விட்டுவிடுங்கள்; குளிரில் மீனின் செரிமானம் மந்தமாகித் தின்றது வயிற்றிலேயே தங்கும்.

பொட்டலத் தீனியோடு வாரம் இரண்டு முறை மொய்னா எனும் நுண்பூச்சியையும் கொடுத்தால் நிறமும் வளர்ச்சியும் கண்கூடாக மாறும். பழைய தொட்டியின் பச்சைத் தண்ணீரை ஒரு டப்பில் ஊற்றி, விதையாகச் சிறிது உயிருள்ள மொய்னாவை விட்டு, இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒரு சிட்டிகை ஈஸ்ட்டைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி வந்தால், ஒரு வாரத்தில் வடிகட்டி எடுக்கும் அளவுக்குப் பெருகிவிடும். இதற்கும் கொசுவலை மூடி அவசியம். ஈஸ்ட் கூடினால் தண்ணீர் நாறி எல்லாம் செத்துவிடும்.

வெயில், மழை, குளிர்

கோடையில் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வதும், ஆவியாகிப் போன அளவுக்கு மாலையில் இரண்டு நாள் வைத்த தண்ணீரைச் சேர்ப்பதும் முக்கியம். வாரம் ஒருமுறை ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரை அடியிலிருந்து குழாய் வைத்து உறிஞ்சி எடுங்கள். அந்தத் தண்ணீர் முழுவதும் கறிவேப்பிலைக்கும் மல்லிகைக்கும் போகட்டும். எங்கள் மாடியில் 2024 கோடை முழுவதும் செடிகள் அதில்தான் பிழைத்தன.

மழைத்தண்ணீரில் உப்புகள் அநேகமாக இல்லை. தொடர்ந்து பெய்யும்போது தொட்டியின் கடினத்தன்மை நீர்த்துப்போய் பி.எச். திடீரென்று சரியும். ஒரு நைலான் பையில் கிளிஞ்சல் நிறைத்துத் தொட்டியில் தொங்கவிட்டால் அந்தச் சரிவு தணியும். மே மாத ஆலங்கட்டி மழைக்குத் தொட்டியின் மேல் பலகை சாய்த்துவிடுங்கள்.

டிசம்பரும் ஜனவரியும் மிகுந்த கவனம் கேட்கும் மாதங்கள். மாலை ஐந்து மணிக்கே தொட்டியின் வாயில் பாதியைத் தெர்மோகோல் பலகையால் மூடி, காலை எட்டு மணிக்கு எடுங்கள். இந்த மாதங்களில் காலையில் தண்ணீர் மாற்ற வேண்டாம். மாற்றியே ஆக வேண்டுமென்றால் நண்பகலில், பத்தில் ஒரு பங்கு மட்டும். மீனின் உடலில் உப்புத்தூள் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள் தோன்றினால் அது வெண்புள்ளி நோய். குளிரில் சோர்ந்த மீனை ஒட்டுண்ணி பிடித்திருக்கிறது என்று பொருள். பாதிக்கப்பட்ட மீன்களை வீட்டுக்குள் ஒரு டப்புக்கு மாற்றி, ஹீட்டர் வைத்து இரண்டு நாளில் படிப்படியாக 28 டிகிரிக்குக் கொண்டுவந்து, லிட்டருக்கு இரண்டு கிராம் கல் உப்பு கரைத்து, காற்றும் விட்டு, புள்ளிகள் மறைந்த பிறகும் ஒரு வாரம் அப்படியே வைத்திருங்கள். வெப்பம் கூடினால் ஒட்டுண்ணியின் வாழ்க்கைச் சுற்று விரைந்து, அது மீனை விட்டு நீரில் நீந்தும் கட்டத்துக்கு வரும். உப்பு அதைத் தாக்குவது அந்தக் கட்டத்தில்தான். மீனின் மேல் ஒட்டியிருக்கும்வரை உப்பும் மருந்தும் அதற்கு எட்டாது என்பதால், பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பிவிடும்.

குஞ்சுகள்

கப்பி ஏறத்தாழ நான்கு வாரத்துக்கு ஒருமுறை குட்டி போடும். வயிற்றின் பின்பகுதிக் கரும்புள்ளி பெரிதாகி, வயிறு பெட்டி போலச் சதுரமானால் நாள் நெருங்கிவிட்டது. செடி அடர்ந்த தொட்டியில் குஞ்சுகள் பதுங்கிப் பிழைத்துக்கொள்ளும். எல்லாவற்றையும் காப்பாற்ற விரும்பினால், பெண் மீனைச் செடி நிறைத்த தெர்மோகோல் பெட்டிக்கு மாற்றி, குட்டி போட்டதும் தாயை எடுத்துவிடுங்கள். குஞ்சுகளுக்குத் தூளாக்கிய தீனியைச் சிறிது சிறிதாக நாளுக்கு நான்கு முறை கொடுக்க வேண்டும். நான்கு வாரம் ஆவதற்குள் ஆண், பெண்ணைப் பிரித்துவிடுங்கள். பெண் கப்பி ஒருமுறை இணைந்தால் அந்த விந்தைப் பல மாதங்கள் சேமித்து வைத்துத் தொடர்ந்து குட்டி போடும் என்பதால், நிறம் காக்க நினைப்பவர்கள் இதில் ஒரு வாரம் தவறினாலும் பல தலைமுறை கலந்துவிடும்.

குஞ்சுகளின் முதல் எதிரி தட்டான். அது தொட்டியில் முட்டையிட, பொரிந்து வரும் பூச்சி அடிக்கசட்டில் மறைந்திருந்து ஒவ்வொன்றாகப் பிடித்துத் தின்னும். குஞ்சு எண்ணிக்கை காரணமின்றிக் குறைந்தால் அடிக்கசட்டை வலையால் அரித்துப் பாருங்கள். மீன்கொத்தி, காகம், பூனை ஆகியவற்றுக்கு ஓரங்குலக் கண் உள்ள வலைச் சட்டம் போதும்.

மிகுதியாகப் பெருகும் மீன்களை நண்பர்களுக்கும் கடைக்கும் கொடுங்கள். அல்சூர் ஏரியிலோ வேறெந்த ஏரியிலோ விட்டுவிடாதீர்கள்; வெளிநாட்டு மீன்கள் நம் நாட்டு மீன்களின் இரையையும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். களைந்த ஆகாயத்தாமரையையும் சாக்கடையில் போடாமல், வெயிலில் காயவைத்துச் செடிகளுக்கு உரமாக்குங்கள்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது என்ன செய்வது என்று பலரும் கவலைப்படுகிறார்கள். பாசியும் செடியும் படிந்த பழகிய தொட்டியில் வளர்ந்த மீன்கள் ஒரு வாரம் தீனியின்றித் தாராளமாக இருக்கும். குளிர்மாதம் என்பதால் பசியும் குறைவே. குஞ்சுகள் இருந்தால் மட்டும் பக்கத்து வீட்டாரிடம் உதவி கேளுங்கள். அவர்களிடம் தீனி டப்பாவைக் கொடுக்காமல், ஒரு நாளுக்கு ஒரு பொட்டலம் என்று காகிதத்தில் மடித்து, மேலே தேதி எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.